நீ நிறுத்தச் சொல்லும்வரை

ஜனவரி 27

ஊருக்கெல்லாம் பெரியக்காவும் எனக்கு மட்டும் கோபக்காரியுமான என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். தங்கச்சி வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது உனக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? "போன்ல உங்க குரலைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குது, சொல்றதா இருந்தா எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். போனை அணைத்து அலமாரியில் குளிர்காலத் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். நானும் ரோஷக்காரன்தான்.

நடந்ததை ஒருதரம் நியாயமாக யோசித்துப் பார். உன் கேன்டீனில் மேனேஜர் ஓய்வு பெறும் விருந்து. தலைமைச் சமையல் நீ. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தாய். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டம்மா வச்ச சூப் எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். "வீட்டுச் சாவியை வாயில போட்டுச் சப்பின மாதிரி இருக்கு" என்றேன். அவ்வளவுதான். அதற்கு நீ கரண்டியைக் கீழே போட்டு, மறுநாளே தங்கச்சி ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? எனக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்? அந்தப் பெரிய அண்டாவின் அடி தேய்ந்திருக்கும், போய்ப் பார்க்கச் சொல் என்றுதான் சொல்ல வந்தேன். சொல்ல விட்டால்தானே.

உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்லீரலில் சீழ்க்கட்டி என்று டாக்டரம்மா கொடுத்த மஞ்சள் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். போன வருடம் தொண்டைக்குக் கொடுத்ததைக் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி படுக்கையில் விழுந்ததை நான் மறந்தாலும் நீ மறக்க விடமாட்டாய். அதனால்தான் இந்தத் தடவை முதல் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று சத்தியம் வாங்கினாய். சண்டை வேறு, சத்தியம் வேறு.

டிரைவிங் ஸ்கூலில் வழக்கம்போல நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்தித் தொண்டை வறள்கிறது. வீட்டுக்கு வந்தால் கத்த ஆள் இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் உன் கணவனாகிய
பிரேக் வாத்தியார்


பிப்ரவரி 3

உண்மை விளம்பி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்டாவின் அடி தேய்ந்திருக்கிறதாம். அந்த அண்டா போன மாதம்தான் வாங்கியது. தேய்ந்தது உங்கள் புத்தி.

ஒரு கேன்டீனில் தலைமைச் சமையல்காரி என்று பெயர் எடுக்க எத்தனை வருடம் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். நறுக்கிவிட்டு வரும்போதெல்லாம் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்தானே நீங்கள். அவ்வளவு பேர் முன்னால், எல்லாரும் சூப்பை வழித்து வழித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, என் சொந்தப் புருஷன் எழுந்து நின்று சாவி என்கிறார். உட்கார்ந்துகொண்டாவது சொன்னீர்களா? எழுந்து நின்றல்லவா சொன்னீர்கள்! பழைய கேன்டீனில் இப்போது அதற்குப் பெயரே சாவி சூப்பாம். பாத்திரம் தேய்ப்பவள் போனில் சொல்லிச் சிரிக்கிறாள். "பெரியக்கா, இன்னைக்கு சாவி சூப்பா, பூட்டு சூப்பா?" என்று கேட்கிறாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாய் திறந்தது, கெட்டது நான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சகலை, நான் வைத்ததை எல்லாம் ரசித்துச் சாப்பிடுகிறார், ஒவ்வொரு வாய்க்கும் "அருமை" என்கிறார். கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார். தங்கச்சி முறைக்கிறாள்.

நான் திரும்பி வர வேண்டுமென்றால், எங்கே எழுந்து நின்று சொன்னீர்களோ அங்கேயே எழுந்து நின்று, சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நான் இங்கேயேதான்.

இப்படிக்கு,
சாவி சூப்


மார்ச் 15

கோபக்காரிக்கு,

சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது தப்பாக இருந்தால்தானே சொல்ல முடியும்? சிவப்பு விளக்கைப் பச்சை என்று சொல்லிக் கொடுத்தால் நான் வாத்தியாரா?

இப்போது உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் அண்டா மட்டும் கெட்டுப்போகவில்லை. இந்த ஊரில் எல்லாருடைய பாத்திரமும் கெட்டுப்போயிருக்கிறது! டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரில் உள்ள ஓட்டலில் சாப்பிட்டேன், இரும்பு. பக்கத்துத் தெருவில் சாப்பிட்டேன், இரும்பு. மாடிவீட்டுத் தையல்காரர் மகளுக்குப் பிறந்தநாள் என்று கேக் கொண்டுவந்தார். அதிலும் இரும்பு. "ஊசி ஏதாவது உள்ளே விழுந்துட்டுதா?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன். அன்றிலிருந்து என் கால்சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரமாட்டேன் என்கிறார். ஓட்டல்காரரிடம் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். அவர் என்னைச் சோதிக்கச் சொன்னார். இனிமேல் அந்தப் பக்கம் வரக் கூடாதாம்.

இப்போது வீட்டிலேயே ரொட்டியும் முட்டையும்தான். முட்டைக்கு ஓடு இருக்கிறதே, அதற்குள் எப்படி இரும்பு போனது என்று தெரியவில்லை.

இன்னொரு கூத்து. போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தால், ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருக்கிறது. மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தேன். மருந்துக் கடை வாசலில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை வெறுங்காலில் வந்திருக்கிறேன், தெரியவே இல்லை. உன்னை நினைத்துக்கொண்டே நடந்திருப்பேன் போல.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்புக்காரன்


மார்ச் 22

ஊர்ப் பாத்திர இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஊரில் உள்ள பாத்திரமெல்லாம் கெட்டுப்போய், தண்ணீர் கெட்டுப்போய், முட்டையும் கெட்டுப்போய், உங்கள் நாக்கு மட்டும் நல்லாயிருக்கிறதா? ஒரே ஒரு நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முட்டை விஷயம் வந்ததும் தங்கச்சிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபம் பத்திரமாக இருக்கிறது.

தையல்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த மனுஷன் மகளுக்காக அரும்பாடுபட்டுச் செய்த கேக். பொத்தான் இல்லாமல் நீங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால் மானம் போவது எனக்கு.

செருப்பு விஷயத்துக்கு, நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். என்னை நினைத்தாராம். நான் பக்கத்திலேயே நடந்து வந்தபோது என்னை விட்டுவிட்டுப் பத்தடி முன்னால் போனவர்.

உள் அலமாரியில் வார் வைத்த செருப்பு இருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோபக்காரி


மே 9

கோபக்காரிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடி இல்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர் என்னிடம் கார் கற்றுக்கொள்கிறார் அல்லவா? இந்த வயதில் எதற்கம்மா என்று கேட்டால், இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தேன், இப்போது நான் எழுதிப் பார்க்கிறேன் என்பவர். நேற்று அவரை வங்கி இருக்கும் தெருவுக்குக் கூட்டிப் போனேன். வளைவில் "பிரேக்" என்றேன். அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். அது வழக்கம்தான். அதற்காகத்தான் என் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். நான் என் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கார் ஆற அமர வங்கித் தோட்டத்து வேலிச்செடிக்குள் நுழைந்து, செடியோடு செடியாக நின்றது. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்கின் மேலேயே இல்லை. பக்கத்தில் தரையை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தரைக்கும் பிரேக்குக்கும் என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, "வாத்தியாரே, இப்ப பிரேக் யாரு போடணும், நானா நீங்களா?" என்று கேட்டார். 

முதலாளி என்னைக் காரில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறைக்குள் உட்கார்ந்து சாலை விதிப் படங்களைக் குச்சியால் சுட்டிக்காட்டும் வேலை. பிரேக் வாத்தியார் இப்போது படம் வாத்தியார்.

உனக்குச் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே கால் சரியில்லை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊறுவது மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி. ராத்திரியில் பாதம் எரிகிறது, தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. நீ கிளம்பும்போது, "என் சமையலைக் குறை சொன்ன நாக்கு மரத்துப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். சாபத்தை விலாசம் பார்த்து விட்டிருக்கக் கூடாதா? நாக்குக்குப் போக வேண்டியது காலுக்கு வந்திருக்கிறது. பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

நான் உடம்பைக் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. மஞ்சள் மாத்திரையை ஒரு வேளை விட்டதில்லை. தீரத் தீர வாங்கிக்கொள்கிறேன். மருந்துக் கடைக்காரன் என் பழைய மாணவன், சீட்டு எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. பாதியில் நிறுத்துகிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு இனி வராது.

பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
படம் வாத்தியார்


மே 12

என்னங்க,

இதை உங்கள் சகலை கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் அவரோடு கிளம்புங்கள். சட்டை மாற்ற வேண்டாம். பொத்தான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த மாத்திரையை இன்னுமா போடுகிறீர்கள்? ஐயோ, அது இரண்டு வாரத்துக்குக் கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள், பார்த்துவிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று சொல்கிறேன் என்றார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்க் காட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு இங்கே கோபத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றிலிருந்து உங்கள் போனுக்கு அடித்து அடித்துப் பார்க்கிறேன். அது குளிர்காலத் துணிக்கு அடியில் தூங்குகிறது. நான் எழுதச் சொன்னேனே தவிர, போனைப் புதைக்கச் சொன்னேனா?

நிறுத்துங்கள். நான் சொல்கிறேன், நிறுத்துங்கள். இன்று ஒன்றுகூடப் போட வேண்டாம். மிச்சம் இருக்கிற மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போங்கள். நாக்கு, கால், செருப்பு, வேலி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். எழுந்து நின்று உண்மை சொல்கிற வழக்கத்தை அங்கே காட்டுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து சரியாக வரவில்லை.

உங்கள்
வீட்டுக்காரி


மே 15

என் வீட்டுக்காரிக்கு,

சகலை என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்காத குறையாகக் கூட்டிப் போனார். வழியெல்லாம் "அருமை, எல்லாம் சரியாயிடும், அருமை" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு வேறு வார்த்தை தெரியாது போல.

டாக்டரம்மா என் உள்ளங்காலில் குத்தினார், கோடு போட்டார். அப்புறம் கவை மாதிரி இருந்த ஒரு கம்பியைத் தட்டி அதிர வைத்தார். "கட்டைவிரல்ல வைக்கிறேன், அதிர்றது தெரியுதா சொல்லுங்க" என்றார். நானும் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. "எப்ப வைப்பீங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தால், கம்பி ஏற்கெனவே என் விரல்மேல்தான் இருந்தது. சகலை அப்போது மட்டும் அருமை என்று சொல்லவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். நல்ல மருந்துதான், என் கட்டியைக் கரைத்ததும் அதுதான். அதைச் சாப்பிடும்போது நாக்கில் இரும்பு ருசி வருவது பலருக்கும் உண்டாம். நரம்பைத் தொடுவது அபூர்வம். ஆனால் விடாமல் மாதக்கணக்கில் போட்டால் அந்த அபூர்வம் நம் வீட்டுக் கதவையும் தட்டுமாம். வேறு காரணம் ஏதும் இல்லை என்று உறுதி செய்ய ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியாயிற்று. பெரும்பாலும் சரியாகிவிடும், மெதுவாகத்தான் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடுவதும் உண்டு என்றார். கால் தெளிகிற வரைக்கும் பெடலைத் தொடக் கூடாது.

"இத்தனை நாள் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்புறம் ஏன் நிறுத்தலை?" என்றார். "வீட்டுல நிறுத்தச் சொல்லல, டாக்டர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மருந்துக் கடைக்கும் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவனும் பிரேக் என்றால் ஆக்சிலேட்டரை மிதித்த மாணவன்தான். அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, அண்டாவில் குற்றமில்லை. ஊர்ப் பாத்திரங்களில் குற்றமில்லை. முட்டையும் யோக்கியம்தான். குற்றம் என் வாயில் இருந்தது.

நேற்று உன் பழைய கேன்டீனுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கூட்டம். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், காலை நம்ப முடியாதே. "இந்தக் கேன்டீன் பெரியக்கா வச்ச சூப்பைச் சாவின்னு சொன்னது நான்தான். அது சூப் இல்ல, என் மாத்திரை. சொன்னது தப்பு" என்றேன். பாத்திரம் தேய்ப்பவள் முதலில் கை தட்டினாள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். தையல்காரரிடமும் சொல்லிவிட்டேன். பொத்தான் தைத்துத் தந்தார். கேக் தீர்ந்துவிட்டதாம்.

நீ சொன்ன நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன். ஆனாலும் வா என்று எழுதக் கை வரவில்லை. காரில் ஏற முடியாத டிரைவிங் வாத்தியார், தரை எது பிரேக் எது என்று தெரியாதவன். என்னைக் கட்டி மேய்க்க நீ எதற்கு அங்கே நன்றாக இருப்பதை விட்டுவிட்டு வர வேண்டும்? உன் இஷ்டம். சகலையும் பாவம், அவர் சாப்பாட்டில் நான் மண் போட விரும்பவில்லை.

இப்படிக்கு,
வாத்தியார்


மே 20

என் சொல் கேட்ட மனுஷனுக்கு,

நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்றேன், போட்டீர்கள். சாப்பிடும்போது பேப்பர் படிக்காதீர்கள் என்றேன், படித்தீர்கள். பத்தடி முன்னால் நடக்காதீர்கள் என்றேன், கேட்கவே இல்லை, கேட்கிற தூரத்தில் இருந்தால்தானே. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லைக் கேட்டீர்கள். அதையும் இப்படியா கேட்பது?

டாக்டரிடம் நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. தங்கச்சி கதவைத் தட்டி, "வெங்காயமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று வெங்காயமே நறுக்கவில்லை.

உங்கள்மேல் மட்டும் தப்பில்லை. உங்களோடு சண்டை போட்டேன், சரி. மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். சாவியைப் பற்றி இரண்டு கடிதம் எழுதத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

கட்டி மேய்க்க எதற்கு வர வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. யாராவது ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டாமா? பழைய கேன்டீனில் கேட்டுவிட்டேன், வாருங்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்று கிளம்பி இன்னொரு வேலிக்குள் நுழைய வேண்டாம். வீட்டிலேயே இருங்கள். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணால் பாருங்கள், காயம் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலில் ஊற்றுங்கள்.

உங்கள் சகலைக்கு நான் கிளம்புவதில் வருத்தம். தங்கச்சிக்கு இல்லை.

உங்கள்
பெரியக்கா


ஆகஸ்ட் 2
சமையலறை மேஜை

உனக்கு,

நீ காலையிலேயே கேன்டீனுக்குப் போய்விட்டாய். சாயங்காலம் வரைக்கும் இதை மனதில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் சண்டையெல்லாம் கடிதத்தில்தானே நடந்தது, இதுவும் கடிதத்திலேயே இருக்கட்டும். மாடிவீட்டுத் தையல்காரர் உன் கேன்டீன் பக்கம்தான் போகிறாராம், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அடுப்பில் நீ வைத்துவிட்டுப் போன சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினேன். கை தவறிக் காலில் கொட்டிவிட்டது. சுட்டது. நன்றாகச் சுட்டது. நான் போட்ட சத்தத்தில் தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். "சுடுது, சுடுது" என்று நான் சிரித்துக்கொண்டே கத்துவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். தண்ணீர் ஊற்றிவிட்டேன், கொப்புளம் இல்லை.

மிச்சத்தைக் குடித்தேன். இரும்பு இல்லை. ஒரு துளிகூட இல்லை. ஆனால் உண்மை பேசுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீ இன்று இட்டிருக்கிற உப்புக்கு உன்னை ஏழு பிறவிக்கு நினைக்க வேண்டியிருக்கும். இது மாத்திரை பேசவில்லை, நான் பேசுகிறேன்.

உன்
வாத்தியார்


(அதே தாளின் பின்பக்கம், தையல்காரர் திரும்பக் கொண்டுவந்தது)

என்னங்க,

எந்தக் கால்? அதை எழுதவே இல்லையே. வலது காலா, அதாவது பிரேக் காலா? தையல்காரரைக் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை, சிரித்தார் என்று மட்டும் சொல்கிறார். இங்கே எல்லாரும் என்ன என்ன என்று கேட்கிறார்கள். "என் வீட்டுக்காரருக்குக் கால் சுட்டுடுச்சு" என்றேன். அதற்கு ஏன் அழுகிறீர்கள், ஏன் சிரிக்கிறீர்கள் என்கிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மத்தியானமே வந்துவிடுகிறேன். சூப்பில் உப்பு அதிகம்தான், அவசரத்தில் இரண்டு தரம் போட்டுவிட்டேன். இருந்தாலும் அதையே குடித்துக்கொண்டிருங்கள். நான் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.